வாசலில் கிடந்த வேப்பங்கொத்து

எண்பதுகளின் நடுவில், ஒரு தவக்காலத்தில் நடந்தது இது. அரூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஒரு கிராமம் வரும். அங்கிருந்த தொடக்கப் பள்ளிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், அப்பா வாங்கிக் கொடுத்த ஆர்மோனியம், இவற்றோடு நிறையக் கர்வத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். முதல் மூன்றும் பஸ்ஸின் கூரையில் வந்தன. கர்வம் மட்டும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

கர்வத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் நாலு குரலில் பாடுவார்கள். பத்து வயதிலிருந்து அந்தப் பாடகர் குழுவில் நின்றவள் நான். இந்தக் கிராமத்துக் கோயிலோ, தெருவின் மேற்கு முனையில் இருந்த ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். அங்கிருந்து கிழக்கே நீளும் ஒரே தெருவில், இருபுறமும் சேர்த்து முப்பத்தைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகம் நாலு வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் அவர்கள் பாடுவதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா, பாட்டின் ஓர் அடியைத் தனியாகப் பாடிக் கொடுத்துவிட்டு நிறுத்துவார். சபை அதைத் திருப்பிப் பாடும். அவர் காத்திருப்பார். பிறகுதான் அடுத்த அடி.

அந்த அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். புளி சீசனில் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போவார். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியதில்லை, ஆனால் நூறு பாட்டுக்கு மேல் மனப்பாடம். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அப்போதுதான் அந்த அக்கா உண்டாகியிருந்தார். ஆறு மாதம். அந்தப் பிள்ளைக்காகத் தெருவே காத்திருந்தது என்று சொல்லலாம். யார் வீட்டு மரத்தில் மாங்காய் பறித்தாலும் நாலு காய் அந்த அக்கா வீட்டுக்குப் போய்விடும்.

எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் பாடுகிற முறைதான் பிடிக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவே அவர் விடுகிற இடைவெளி இருக்கிறதே, அதில் நான் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். மூன்று சரணம் முடிய இருபது நிமிஷம் ஆகும். ஒருநாள் அவரிடமே கேட்டேன், ஏன்க்கா இவ்வளவு நேரம் விடுறீங்க என்று. அவர் சிரித்துக்கொண்டே, "பழக்கமாயிடுச்சுங்க டீச்சர்" என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பழக்கம்தானே, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு மூத்த குருவானவர் வருவதாக இருந்தது. அவர் முன்னால் நம் சபை ஒழுங்காகப் பாட வேண்டும் என்று போதகரிடம் சொல்லி, பன்னிரண்டு பேரைப் பொறுக்கி ஒரு பாடகர் குழு அமைத்தேன். அக்காவையும் சேர்த்தேன், இரண்டாம் வரிசையில். இனிமேல் பாட்டை ஆர்மோனியம் ஆரம்பிக்கும், நீங்கள் அடி எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியதை இப்போது நினைத்துப் பார்க்க முடிகிறது. அப்போது பார்க்கவில்லை. வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம், யார் வீட்டில் வசதியோ அங்கே பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நாங்கள் பன்னிரண்டு பேர் பாடினோம். சபை வாயைத் திறக்காமல் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. நன்றாக ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்!

இனி வேப்பிலை விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்துத் தெரு விவசாயிகள் தெரு. அங்கே யாருக்காவது சின்னம்மை போட்டால் வாசல் நிலையில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிவிடுவார்கள். அதைப் பார்த்தால் வெளியாட்கள் அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் அந்த வழக்கம் கிடையாது. அது அம்மனுக்குக் கட்டுவது, நமக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ ஒரு போதகர் சொல்லி நிறுத்திவிட்டாராம். நிறுத்தியவர் அதற்குப் பதிலாக வேறு எதையும் வைக்கவில்லை. அதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் அம்மை என்பது போய் உட்கார்ந்து காப்பி குடித்த பிறகுதான் தெரியும்.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை பயிற்சி தையல்கார அம்மா வீட்டில் நடப்பதாக இருந்தது. தையல் மிஷின் வைத்துத் தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவர். குழுவில் என்னுடைய நல்ல குரல்களில் ஒன்று. கோயிலிலிருந்து மூன்றாவது வீடு. சிமெண்டு போட்ட பெரிய கூடம், டியூப் லைட் உண்டு. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு நான்தான் முதல் ஆளாகப் போனேன். எங்கள் தெருவில் இல்லாத வழக்கமாக, வாசல் நிலையில் சின்னதாக ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. அந்த அம்மா வாசலிலேயே நின்றார்.

"இன்னைக்கு வேணாங்க டீச்சர். சின்னதுக்கு மேலுக்கு முடியலீங்க. அம்மா போட்டிருக்குதுங்க" என்றார் மெதுவாக.

எனக்கு எரிச்சல் வந்தது. கைவசம் இருந்தது இன்னும் மூன்றே சனிக்கிழமை. பெரியம்மைதான் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதே, இது சின்னம்மை, வந்துவிட்டுப் போகிறது என்ற மிதப்பு வேறு. பிள்ளை உள் அறையில்தானே படுத்திருக்கிறது, கூடத்தில் பாடினால் என்ன என்று கேட்டேன். அவர் வேப்பங்கொத்தைப் பார்த்தார். நான் கையை நீட்டி அதை உருவிக் கீழே போட்டேன். "நம்ம வீட்டுல இதெல்லாம் எதுக்கு?" என்றேன். ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடத்தில் தொற்று நோய்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர்தான் அதைச் செய்தேன்.

அந்த அம்மா வழிவிட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா கடைசியில் வந்தார். ஒன்றரை மணி நேரம் பாடினோம். அன்றைக்குப் பாட்டு மிக நன்றாக வந்தது.

இரண்டு வாரம் முழுதாக ஆகவில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை ஒருவருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கு. சனிக்கிழமை காலையில் கணக்குப் பார்த்தால் என் குழுவில் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கொப்புளத்தோடு படுத்திருந்தார்கள். தையல்கார அம்மாவுக்கு வரவில்லை, சின்ன வயதிலேயே வந்து போயிருந்ததாம். அக்காவுக்கும் அதுவரை ஒன்றுமில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்தார். கோயில் வாசலில் நின்று விசாரித்தார். முதலில் எந்த வீட்டில் ஆரம்பித்தது என்று கேட்டார். தையல்கார அம்மா, "என் வூட்டுலதாங்க" என்றார்.

"ஏம்மா, பக்கத்துத் தெருவுல பாரு, வாசல்ல வேப்பிலை வச்சு ஆளுங்கள நிறுத்துறாங்க. உனக்கு அது தோணலியா? வூட்டுக்குள்ள பாட்டுக் கச்சேரி வேற வச்சிருக்கிறயே?"

தையல்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டேனுங்க" என்றார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். கையில் பாட்டு நோட்டு. நான்தான் எடுத்துப் போட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. நர்ஸம்மா மேலே பேசிக்கொண்டே போனார். ஈஸ்டர் முடிகிறவரை கூட்டம் கூடாதீர்கள் என்றார். பிறகு அக்காவைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. முன்னால் எப்போதாவது அம்மை வந்திருக்கிறதா என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவருடைய அம்மா இறந்துவிட்டார், சொல்ல ஆள் இல்லை.

"மாசமா இருக்கிறப்ப வந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. அந்த வூட்டுக்குப் போன நாள்லருந்து மூணு வாரம் தாண்டிட்டா பயமில்ல. அதுவரைக்கும் யாரும் இவ வூட்டுக்குப் போவாதீங்க" என்றார்.

மூன்று வாரம் என்றால் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. இன்னும் ஏழு நாள். நான் அன்றிலிருந்து நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

போதகர் அன்று மாலையே கோயிலைப் பூட்டினார். அவர் கொஞ்சம் வேடிக்கையாகப் பேசுகிறவர், ஆனால் அன்று பூட்டுச் சத்தம் கேட்டு அவருக்கே கண் கலங்கியது. கோயிலைத்தான் பூட்டுகிறேன், ஆராதனையை இல்லை என்றார். மறுநாள் மணி அடித்ததும் அவரவர் அவரவர் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். அவர் தெருவில் நடந்துகொண்டே ஜெபம் சொல்வார். பாட்டு டீச்சருடைய பொறுப்பு. நோய் இருக்கிற வீட்டை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாரோ கேட்டார்கள்.

"வேப்பிலை கட்டுங்க. அடையாளம்தானே! இத்தனை வருஷம் நாம அத மட்டும் எடுத்துப்புட்டு வெறும் வாசல வச்சிருந்தோம்" என்றார் போதகர்.

எனக்கு ஒன்பது வயதில் சின்னம்மை வந்து நெற்றியில் தழும்பே இருக்கிறது. அதனால் வீடு வீடாகப் போகக்கூடிய சிலரில் நானும் ஒருத்தி. பக்கத்துத் தெருவில் ஒரு விவசாயி வீட்டம்மா தன் தோட்டத்து மரத்திலிருந்து ஒரு கிளையையே வெட்டிக் கொடுத்தார். "எப்புடிச் செருவணும்னு தெரியுங்களா டீச்சரம்மா? கொத்து வெளிய பாக்கணும். வர்றவங்களுக்குத்தான் சேதி, வூட்டுல இருக்கறவங்களுக்கு இல்ல" என்று சொல்லியும் கொடுத்தார். நோய் கண்ட வீடுகளில் எல்லாம் என் கையாலேயே கட்டினேன். மற்ற வீடுகளில் வழக்கம்போலத் தென்னங்குருத்தில் பின்னிய சிலுவை. தெருவின் கிழக்கு முனையில் கடைசி வீடு அக்காவுடையது. அவர் வேப்பிலை கேட்டார். எனக்குத் திக்கென்றது. "இல்லீங்க டீச்சர், எனக்கு ஒண்ணுமில்ல. ஆளுங்க மறந்தாப்புல வந்துருவாங்க, அதுக்குத்தான்" என்றார். அங்கே சிலுவையும் வேப்பங்கொத்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

குருத்தோலை ஞாயிறு. தெரு நடுவில் பள்ளிக்கூட பெஞ்சைப் போட்டு, அதன்மேல் ஆர்மோனியத்தை வைத்து உட்கார்ந்தேன். மணி அடித்தது. கட்டையை அழுத்தி, குரலைத் திறந்து ஆரம்பித்தேன். பக்கத்து வீடுகள் என்னோடு சேர்ந்து பாடின. கொஞ்சம் தள்ளி இருந்தவர்களுக்கு ஆர்மோனியம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பாடுவதைக் கேட்டுப் பாடினார்கள். அவர்களைக் கேட்டு அடுத்த வீடு. இரண்டு முனையிலும் பாட்டு பாதி அடி பின்னால் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தால் நடு வீடுகள் முந்தின. சத்தமாகப் பாடினால் முனையில் இருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் சரணத்தில் யாருக்கும் வார்த்தை தெரியவில்லை. அரூர் வாரச்சந்தையில் நடுவே உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. கோழிகள்கூட ஓடிவிட்டன.

அப்போது கிழக்கு முனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர்! அந்தப் பொட்டிய நிறுத்துங்க!"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிறுத்தினேன். அவர் ஓர் அடியை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கனத்த குரல் தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குத் தடையில்லாமல் போனது. கிழக்கு வீடுகள் முதலில் பாடின, நடு வீடுகள் அடுத்து, கோயிலை ஒட்டிய வீட்டிலிருந்த வயதான தம்பதி எல்லோருக்கும் கடைசியாக. அவர்கள் முடிக்கிறவரை அக்கா காத்திருந்தார். தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டு நின்றார். கடைசிக் குரல் ஓய்ந்த பிறகே அடுத்த அடியை எடுத்தார்.

பழக்கம் என்று சொன்னாரே, அது இதுதான். அவர் விட்ட இடைவெளி சும்மா விட்டதில்லை. எங்கோ பின்னால் ஒருவர் இன்னும் முடிக்கவில்லை என்று அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு என் ஆர்மோனியம் மட்டும் கேட்டிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே நானும் மற்றவர்களோடு திருப்பிப் பாடினேன். அந்தச் சபை வாய் திறந்து பாடியதை அன்றைக்குத்தான் பல வாரங்களுக்குப் பிறகு கேட்டேன்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா ஜன்னல் வரை போய், எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருவேன். புதன்கிழமை கையை நீட்டிக் காட்டினார், ஒரு பொட்டுக்கூட இல்லை. இன்னும் மூன்று நாள்தான் டீச்சர் என்று சிரித்தார். பெரிய வியாழன் மாலை போனபோது ஜன்னலில் ஆள் இல்லை. உள்ளே பாயில் சுருண்டு படுத்திருந்தார். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. மூன்று வாரம் முடிய இரண்டு நாள் இருந்தது.

யாரைக் கேட்டும் நான் முடிவு செய்யவில்லை. என் ஸ்டவ்வையும் இரண்டு புடவையையும் எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். பெங்களூருக்குத் தந்தி கொடுத்தார் போதகர். வெள்ளிக்கிழமை காலையில் கொப்புளம் கிளம்பியது. முகம், கழுத்து, வயிறு. அந்த வயிற்றைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நர்ஸம்மா வந்து மாத்திரை கொடுத்தார். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். வேப்பிலை கொடுத்த அம்மாவின் வீட்டுக்காரர், தக்காளி ஏற்றும் தன் டெம்போவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அந்த அம்மா தினமும் கேழ்வரகுக் கூழும் மோரும் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டு, "தாளிச்சுக் கீளிச்சுப் போடாதீங்க டீச்சரம்மா, உங்கூரு மீன் கொழம்பெல்லாம் இங்க ஆவாது" என்று வெளியிலிருந்தே அதட்டிவிட்டுப் போவார்.

சனிக்கிழமை முழுக்க அக்கா இருமினார். ஒவ்வோர் இருமலுக்கும் அவர் கை வயிற்றுக்குப் போகும். நான் அவர் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, என் கையை அன்றைக்கே முடக்கியிருக்கக் கூடாதா என்று வேண்டினேன். அந்த மாதிரி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

ஈஸ்டர் அன்று, பொழுது விடிந்து வெயில் ஏறும்போது மணி அடித்தது. மணி ஓய்ந்ததும் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். யார் அடி எடுப்பது? அக்கா கண்ணைத் திறந்து எழுந்திருக்கப் பார்த்தார். முதல் வார்த்தையிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. "நீங்க எடுங்க டீச்சர்" என்று ஜாடை காட்டினார். நான் ஜன்னலுக்குப் போனேன். வாயைத் திறந்தேன். ஈஸ்டர் பாட்டின் முதல் அடி எனக்கு வரவில்லை! ஏழெட்டு வாரமாக அதற்கு வாசித்திருக்கிறேன், நோட்டில் நாலு குரலுக்கும் எழுதி வைத்திருக்கிறேன், நோட்டு இல்லாமல் ஒரு வரிகூட நெஞ்சில் இல்லை.

அந்த நேரத்தில் மேற்கே, கோயில் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. தையல்கார அம்மா. முதலில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு நிமிர்ந்துகொண்டது. கோயிலை ஒட்டிய வீடுகள் பாடின. நடு வீடுகள் பாடின. பாட்டு வீடு வீடாக எங்களை நோக்கி வந்து, எங்களுக்கு முந்தின வீடும் பாடி முடித்தது. பிறகு நிசப்தம். அடுத்த அடி வரவில்லை. நான் காத்திருந்தேன். தெருவும் காத்திருந்தது. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"பாடுங்க டீச்சர். நம்ம வூட்டுக்குத்தான் நிக்கறாங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அடியைப் பாடினேன். குரல் உடைந்து, சுருதி எங்கோ போய், என் வாழ்க்கையிலேயே மோசமாகப் பாடிய அடி அது. முடித்ததும் மேற்கிலிருந்து அடுத்த அடி வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அப்படியே காத்திருந்தார்கள், மூன்று சரணமும். இருபது நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். தர்மபுரியிலிருந்து வருவதாக இருந்த குருவானவர் வரவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. டெம்போ சேலம் போகாமலேயே வாசலிலிருந்து கிளம்பியது. பெங்களூரிலிருந்து கணவர் வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை, அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, என்னால் அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. தையல்கார அம்மா மறக்கவில்லை, வேப்பங்கொத்தை உருவிப் போட்டது நான் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தெரியுங்க டீச்சர். நான் உள்ள வர்றப்ப அது வாசல்லயே கெடந்துச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. திரும்பிப் போயிரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பறம் டீச்சருதான் எடுத்தாங்கன்னு பக்கத்து வூட்டுல பாத்தவங்க சொன்னாங்க. டீச்சரே எடுத்திருந்தா சரியாத்தான் இருக்கும்னு தாண்டி வந்துட்டேங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மறுபடியும் கூழை எடுத்துக்கொண்டார். எட்டு வருஷம் காத்திருந்த பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, என்னை நம்பி அவர் அந்த வாசலைத் தாண்டியிருக்கிறார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தையல்கார அம்மாவிடம் போனேன். உங்களை எப்படி நர்ஸம்மாவிடம் காட்டிக் கொடுக்கிறது, எங்கள் பிள்ளைகள் உங்களிடம்தானே படிக்க வேண்டும் என்றார் அவர். கோயில் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்கிற நேரத்தில் நான் எழுந்து நின்று நடந்ததை முழுதாகச் சொன்னேன். போதகர் தொண்டையைச் செருமிவிட்டு, பாட்டு எடுங்கள் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முன்வரிசைப் பாயைப் பார்த்துச் சொன்னார். முகத்தில் தழும்போடு அக்கா முதல் அடியை எடுத்தார். ஆர்மோனியம் அன்றைக்கு அவர் பின்னால் போனது. அதற்குப் பிறகு நான் இருந்த ஆறு வருஷமும் அவர் பின்னால்தான் போனது.

வைகாசிக் கடைசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஞானஸ்நானத்தின்போது தண்ணீர் பட்டதும் போட்ட கூச்சலில் போதகர் ஜெபத்தை மறந்துவிட்டார். அடி எடுக்க அடுத்த ஆள் தயார் என்று தெரு பேசிக்கொண்டது.

கொரோனா காலத்தில், ரிட்டயர் ஆகி மகன் வீட்டில் இருந்த நான், ஞாயிறுதோறும் செல்போனில் ஆராதனை பார்த்தேன். நேர்த்தியான பாட்டு, நேர்த்தியான குரல்கள். யாருக்காகவும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுக்காக மொத்தத் தெருவும் நின்ற அந்த நிசப்தம்போல ஒரு பாட்டை நான் பிறகு கேட்கவே இல்லை.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தெருவில் பார்க்கிறவர்கள் இப்போதும் எதையாவது யோசனை கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், வாசலில் நான் எதையாவது உருவிப் போட்டிருக்கிறேனா என்று இன்றும் என் கண் கீழே தேடுகிறது.